பயந்தாங்கொள்ளிப் படை

மன்னிச்சுக்குங்க தம்பி, உங்க கையை இறுக்கிப் பிடிச்சுட்டேன். நகம் கிகம் பட்டுச்சா? பஸ்ஸு சட்டுனு நின்னுச்சா, என்னடான்னு எட்டிப் பார்த்தேன். முன்னால போலீஸ்காரங்க. அவ்வளவுதான், கை தானாப் போய் பக்கத்துல இருக்கிறவங்களைப் பிடிச்சுக்கும். என் மருமகன் ஏசுவாரு. "அத்தே, அவங்க லைசென்சு பார்க்க நிக்கிறாங்க. உங்களைப் பிடிக்கவா நிக்கிறாங்க?" எனக்கும் அது தெரியுது. கைக்குத் தெரியலையே, என்ன பண்றது.

விட்டுடட்டுமா? இல்லே, வண்டி நகர்ற வரைக்கும் பிடிச்சுக்கட்டுமா? நல்ல புள்ளை. பேசிக்கிட்டே இருந்தா எனக்கு நடுக்கம் குறையும். நீங்க ஒண்ணும் பதில் சொல்ல வேண்டாம், கேட்டாப் போதும்.

நான் பயந்தாங்கொள்ளி தம்பி. பொறந்ததுலேர்ந்தே. இடி இடிச்சாப் பயம், நாய் குரைச்சாப் பயம், தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி "பாவாயி"ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே பயம். இப்படிப்பட்டவ ஒரு படையில இருந்தேன்னு சொன்னா நம்புவீங்களா? துப்பாக்கி வெச்ச படை. சப்பான்காரன் காலத்துல, மலைக்காட்டுல. சிரிப்பு வருதில்லே? சிரிங்க, பரவால்லை.

எங்க ரப்பர் தோட்டம் மலையடிவாரத்துல இருந்துச்சு. வெள்ளைக்காரத் துரை ஓடிட்டான், சப்பான்காரன் வந்துட்டான். பால்வெட்டு நின்னு போச்சு. அரிசியைக் கண்ணுல பார்க்க முடியாது, காலையில மரவள்ளிக் கிழங்கு, சாயங்காலம் மரவள்ளிக் கிழங்கு. அந்த நேரத்துல சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டு வந்தாங்க. அரிசி தர்றோம், துணி தர்றோம், கொஞ்ச நாள்ல திருப்பி அனுப்பிடுறோம்னாங்க. முதல் தடவை போனவங்களை மேளம் அடிச்சு அனுப்பி வெச்சோம் தம்பி. ஒருத்தரும் திரும்பி வரலை.

அவங்களை ரயில் ஸ்டேசனுக்கு ஏத்திக்கிட்டுப் போனவரு தோட்டத்து லாரி டிரைவரு, எத்திராஜுன்னு பேரு. ஒல்லியா இருப்பாரு. கழுத்து மட்டும் நீளம். இஞ்சின் சத்தத்துலயே கிடந்து ஒரு காது மந்தம். சண்டைக்கு முந்தி நடந்த வேலைநிறுத்தத்துல சேர்ந்து ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவருன்னு சொல்வாங்க, ஆனா அவரு அதைப் பத்தி வாயே திறக்க மாட்டாரு. அவரைப் பார்த்து இவருதான் எங்க படைத் தளபதின்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.

ரெண்டாம் தடவை ஆள் கேட்டப்போ யாரும் போகலை. அதனால ஒரு நாள் காலையில நாங்க குடியிருந்த லயத்தையே சுத்தி வளைச்சு, ஆம்பிளைங்களை லாரியில ஏத்தினாங்க. எங்க அண்ணன் அங்கப்பனையும் ஏத்திட்டாங்க. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணன்தான் எல்லாம். அண்ணன் ஒண்ணும் சாப்பிடாமப் போகுதேன்னு கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். டயர்மேல காலை வெச்சு ஏறி, சட்டியை நீட்டுறேன், வண்டி கிளம்பிடுச்சு. அண்ணன் என் சட்டையைப் பிடிச்சு உள்ளே இழுத்துப் போட்டாரு, இல்லேன்னா சக்கரத்துல போயிருப்பேன். நான் படையில சேர்ந்த கதை இதுதான். கையில கிழங்குச் சட்டியோட.

முன்னால சப்பான்காரன் வண்டி போகுது. எங்க லாரியில டிரைவர் பக்கத்துல ஒரே ஒரு சிப்பாய். எத்திராஜு மெல்ல மெல்ல வேகத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தாரு. பாலத்துக்கிட்ட வந்ததும் நிறுத்தி, இஞ்சின் சூடாயிடுச்சு, தண்ணி ஊத்தணும்னு சைகை காட்டினாரு. சிப்பாய் துப்பாக்கியை சீட்டுலயே சாத்திட்டு ஒண்ணுக்கு இறங்கினான். அவ்வளவுதான். லாரி வந்த வழியே பின்னால ஓட ஆரம்பிச்சுடுச்சு. வளைஞ்சு வளைஞ்சு போற மலை ரோட்டுல, அந்தச் சடக்குல, பின்னாலயே! நாங்க எல்லாரும் அலறுறோம். அந்தச் சிப்பாய் கத்திக்கிட்டே ஓடி வர்றான், சின்னதாகிக்கிட்டே போறான். மரம் இழுக்குற பாதை பிரியற இடம் வரைக்கும் அப்படியே ஓட்டி, அப்புறம் காட்டுக்குள்ள திருப்பிட்டாரு.

பாதை முடிஞ்ச இடத்துல இறங்கி எங்க முன்னால நின்னாரு. "உங்களைக் கேட்காமக் கொண்டாந்துட்டேன்"னாரு. "முதல்ல கொண்டுபோய் விட்டவங்க முகம் எல்லாம் எனக்குத் தூக்கத்துல வருது. இன்னொரு தடவை என்னால முடியாது. போறவங்க போகலாம்." எங்கே போறது? லயத்துக்குப் போனா சப்பான்காரன் வெட்டிடுவான். எல்லாரும் அவரையே பார்த்துக்கிட்டு நின்னோம். அவரு எங்களைப் பார்த்துக்கிட்டு நின்னாரு.

அந்தக் கூட்டத்துல காத்தவராயன்னு ஒருத்தரு இருந்தாரு. சிலம்பம் சொல்லிக் குடுக்கிறவரு, ஆறடி ஆளு, மீசை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிக்கும். அவருதான் சொன்னாரு, "துப்பாக்கி ஒண்ணு கிடைச்சிருக்கு. நாம படை திரட்டுவோம்"னு. பேரும் வெச்சாரு, தொழிலாளர் விடுதலைப் படை. சப்பான்காரனும் வேண்டாம், நாளைக்கு வெள்ளைக்காரன் திரும்பி வந்தா அவனும் வேண்டாம், பால்மரம் வெட்டுறவன் கைக்குத் தோட்டம் வரணும்னு எத்திராஜு சொன்னாரு. அன்னைக்குத்தான் அவரு அவ்வளவு நீளமாப் பேசிக் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு கேட்க. எனக்கு என்ன கவலைன்னா, ராத்திரி எங்கே படுக்கிறது, பாம்பு வருமான்னு.

முதல் சண்டை முச்சந்தியில இருந்த போலீஸ் சாவடியில. காத்தவராயனோட யோசனை. விடியற நேரத்துல கூச்சல் போட்டுக்கிட்டுப் பாய்ஞ்சா பயந்து ஓடிடுவாங்கன்னாரு. துரை பங்களாவுல எடுத்த வேட்டைத் துப்பாக்கி ரெண்டு, அந்தச் சிப்பாயோட துப்பாக்கி ஒண்ணு, மத்தவங்க கையில காடு வெட்டுற பாராங்கத்தி. அடிபட்டவங்களுக்குத் தண்ணி குடுக்கன்னு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. நான் ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால உட்கார்ந்திருந்தேன்.

புறப்படுறதுக்கு முன்னால எத்திராஜுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு தம்பி. பல்லு கிட்டுது. "என்னண்ணே?"ன்னேன். "மலேரியா"ன்னாரு. பாவம், அவருக்கு இந்தக் காய்ச்சல் அப்படித்தான், எப்பவும் சண்டைக்குக் கிளம்புற நேரமாப் பார்த்து வரும். சண்டை முடிஞ்சதும் விட்டுடும். அந்த உடம்போட எப்படித்தான் முன்னால போனாரோ. பயம்னா என்னன்னே தெரியாத மனுசன்.

சாவடியில சப்பான்காரன் யந்திரத் துப்பாக்கி வெச்சிருந்தான். கூச்சல் போட்டுக்கிட்டுப் பாய்ஞ்சவங்க பாதிப் பேரு அங்கேயே விழுந்துட்டாங்க. நான் முதல் வெடி கேட்டதும் எந்திரிச்சு ஓடினேன். தண்ணிக் குடுவை எங்கே விழுந்துச்சுன்னுகூடத் தெரியாது. முள்ளுல மாட்டி, ஓடையில விழுந்து, நாலு கால்ல ஏறி, எப்படியோ முகாமுக்கு வந்துட்டேன். எனக்கு முன்னால ஒருத்தரும் வந்து சேரலை.

அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. எத்திராஜு கடைசியா வந்தாரு, முதுகுல ஒரு ஆளைச் சுமந்துக்கிட்டு. அந்த ஆளு வழியிலயே செத்துட்டான்னு இறக்கினப்புறம்தான் தெரிஞ்சுது. அப்புறம் கேட்டாரு, "முதல்ல ஓடுனது யாரு?"

என்னைச் சுட்டுடப் போறாருன்னு நெனைச்சேன். காத்தவராயன் என்னைக் காட்டினாரு. "இந்தப் பொட்டைப் புள்ளைதான். இதைப் பார்த்துத்தான் மத்தவனும் ஓடினான்."

எத்திராஜு எங்கிட்ட வந்தாரு. "எந்த வழியா வந்தே?"

"தெரியாதுண்ணே."

"யோசிச்சுச் சொல்லு. சாவடிக்குப் பின்னால ஓடை இருக்கே, அதைத் தாண்டுனியா?"

அழுதுக்கிட்டே சொன்னேன், முள்ளு, ஓடை, சாய்ஞ்ச மரம். மறுநாள் என்னையே முன்னால விட்டு அந்த வழியைத் திரும்ப நடக்க வெச்சாரு. கூடவே வந்து, எங்கெங்க ஆள் மறையலாம்னு பார்த்தாரு. அன்னைக்குத்தான் ஒரு சட்டம் போட்டாரு. திரும்பி வர்ற வழியைக் காட்டாம யாரும் என்கிட்ட சண்டை பேச வராதீங்கன்னு. "லாரியை முன்னால எவன் வேணாலும் ஓட்டுவான்"னாரு. காத்தவராயனுக்கு முகம் செத்துப் போச்சு.

ரெண்டாவது அடி அதைவிட மோசம். ஓடையோரம் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டு இருந்தோம். நான் சமையல். ஒரு நாள் பொழுது சாய்ற நேரம், கிழங்கு வெந்துக்கிட்டிருக்கு. காட்டுல அந்த நேரத்துக்கு ஒரு பூச்சிச் சத்தம் வரும் பாருங்க, காதை அடைக்கும். அது ஒரு பக்கம் மட்டும் நின்னு போச்சு. கீழ்ப்பக்கம். எங்க அண்ணன்கிட்டப் போயி, "அண்ணே, கீழே பூச்சி கத்தலை"ன்னேன். "உனக்குப் பூச்சி கத்தினாலும் பயம், கத்தலேன்னாலும் பயம்"னு சிரிச்சாரு. என் தலையில ஒரு தட்டுத் தட்டினாரு. எங்க அண்ணன் கடைசியாப் பேசின பேச்சு அதுதான் தம்பி.

சப்பான்காரன் சுட்டுக்கிட்டே வந்தான். நான் அடுப்புக்குப் பின்னால குப்புற விழுந்தேன். பானை வெடிச்சு வெந்நீர் கால்ல கொட்டுது, கத்தலை. பயத்துல கத்தக்கூட வரலை. அண்ணன் என்னைத் தேடிக்கிட்டு, "பாவாயி, பாவாயி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே வெளிச்சத்துக்கு வந்துட்டாரு. நான் இங்கே இருக்கேன்னு சொல்ல வாய் வரலை. அங்கேயே விழுந்துட்டாரு.

மிச்சம் இருந்தவங்க மலைமேல ஏறிட்டோம். மழை. நெருப்பு மூட்ட முடியாது. என் பக்கத்துல வந்து எத்திராஜு உட்கார்ந்தாரு.

"பூச்சி கத்தலைன்னு சொன்னியாமே?"

"பயத்துல சொன்னேண்ணே."

"ஏன் என்கிட்ட வந்து சொல்லலை?"

"திட்டுவீங்கன்னு பயந்தேன்."

அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அழுதாரோ என்னமோ, மழையில தெரியலை. அப்புறம் சொன்னாரு, "இனிமே எது பார்த்துப் பயந்தாலும் என்கிட்ட வந்து சொல்லு. வேற யார்கிட்டயும் போகாதே. நேரா என்கிட்ட. நான் தூங்குனா உதைச்சு எழுப்பு."

மறுநாள் மிச்சம் இருந்த ஆட்களைக் கூட்டி, வீட்டுக்குப் போகணும்னு இருக்கிறவங்க போகலாம்னாரு. கொஞ்சம் பேரு போனாங்க. அவரு தடுக்கவும் இல்லை, ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. எந்தப் பாதையில போனா மாட்ட மாட்டீங்கன்னு சொல்லிக்கூட அனுப்பினாரு. நானும் போயிருப்பேன் தம்பி, தனியா அந்தக் காட்டைத் தாண்ட பயமா இருந்துச்சு. அதனால இருந்துட்டேன். சமையலை வேற ஆளுக்குக் குடுத்துட்டு என்னைக் காவலுக்குப் போட்டாரு. தண்டனைன்னுதான் நெனைச்சேன். அண்ணனைச் சாகக் குடுத்ததுக்குத் தண்டனை.

அப்புறம் எத்தனை தடவை ஓடிப் போயிருக்கேன் அவருகிட்ட! குரங்கு கிளையை ஒடிச்சாப் போவேன். பன்னி நடந்தாப் போவேன். "அண்ணே, பயமா இருக்கு." ஒவ்வொரு தடவையும் எந்திரிப்பாரு, முகாமைக் கலைக்கச் சொல்வாரு. மழையில மூட்டையைத் தூக்கிக்கிட்டு அட்டைக்கடியில நடப்போம். ஆம்பிளைங்க என்னைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாங்க. ஒருத்தன் என் காதுபடவே சொன்னான், "இவ பயத்துக்கு நாம மூட்டை சுமக்கிறோம்"னு. நானே சொல்லிட்டேன், "அண்ணே, வேற ஆளை வைங்க, நான் சும்மா சும்மா கத்துறேன்." அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "சும்மா கத்துனதெல்லாம் நமக்குப் பயிற்சி. இப்ப எவ்வளவு சீக்கிரம் கிளம்புறோம் பார்த்தியா?"

அது நிஜம்தான். முன்னால ஒரு முகாம் கலைக்க அரை நாள் ஆகும். அப்புறம் நான் வாயைத் திறக்கிறப்பவே பானை மூட்டைக்குள்ள போயிருக்கும். ஒரு தடவை அப்படிக் கிளம்பி எதிர்மேட்டுல ஏறித் திரும்பிப் பார்க்கிறோம், நாங்க படுத்திருந்த இடத்துல குண்டு விழுது. மண்ணு தென்னை உசரத்துக்குக் கிளம்புது. என்னைத் திட்டினவன் அவன் பங்குக் கிழங்கை எடுத்து என் கையில வெச்சான். எனக்குத்தான் சாப்பிட முடியலை.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு சண்டையும் போட விடலை அவரு. மேட்டுல கிழங்கு நட்டோம். பாதை பழகினோம். கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்து பழகினோம். ஒருத்தன் விழுந்தா அடுத்தவன் யாரு தூக்கணும்னு பழகினோம். பின்வாங்குறப்போ கடைசி ஆளா அவருதான் வருவாரு, அதுவும் சட்டம். காத்தவராயனுக்குப் பொறுக்கலை. ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டாரு.

"இது படையா, ஓட்டப் பந்தயமா? அங்கே நம்ம ஆளுங்களை சயாமுக்கு ஏத்திக்கிட்டே இருக்கான். நீ எங்களுக்கு ஓடக் கத்துக் குடுக்கிறே."

"உன்னால அடிச்சுட்டுத் திரும்ப முடியுமா காத்தா?"

"திரும்பணும்னு நெனைக்கிறவன் எதுக்குய்யா துப்பாக்கி எடுக்கணும்?"

சொல்லிட்டு, கூட நாலஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு, அதே சாவடியை அடிக்க. எத்திராஜு தடுக்கலை. அவங்க போனதும் எங்களைக் கூப்பிட்டு, ஓடைப் பாதையில போயி மறைஞ்சு உட்காரச் சொன்னாரு. நான் அழுது ஓடி வந்த அதே பாதை. "அவங்க இந்த வழியாத்தான் வருவாங்க. வர்றதுக்கு யாராச்சும் மிஞ்சியிருந்தா." அன்னைக்கும் அவருக்குக் காய்ச்சல். என் போர்வையைக் குடுத்தேன், இழுத்துப் போர்த்திக்கிட்டாரு.

மிஞ்சினது காத்தவராயன் ஒருத்தருதான். தொடையில குண்டு. பின்னால துரத்திக்கிட்டு வந்தவங்களை நம்ம ஆளுங்க ஓடைக் கரையிலேர்ந்து சுட்டு நிறுத்தினாங்க. அப்போதான் முதல் தடவையா சப்பான்காரன் திரும்பி ஓடினதைப் பார்த்தேன். எத்திராஜு போயி காத்தவராயனைத் தூக்கினாரு. அந்த ஆறடி ஆளை இந்தக் கழுத்து நீண்ட மனுசன் எப்படித் தூக்கினாருன்னு இன்னமும் எனக்கு ஆச்சரியம்.

முகாம்ல கிடத்தினப்போ காத்தவராயன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. "என் பேச்சைக் கேட்டு வந்தவங்கள்லாம் போயிட்டாங்க"ன்னாரு. "என்னைச் சுட்டுடு எத்திராஜு."

"கால் ஆறட்டும்"னாரு இவரு. "நொண்டிக்கிட்டே எப்படிப் பின்வாங்குறதுன்னு நீதான் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும். எனக்குத் தெரியாது."

அப்புறம் அப்படித்தான் நடந்துச்சு. காத்தவராயனைவிட நல்ல வாத்தியார் எங்களுக்கு அமையலை.

வண்டி நகருதா? இல்லையா. சரி.

மழை விட்டதும் தோட்டத்துலேர்ந்து சேதி வந்துச்சு. சயாமுக்கு ஆள் ஏத்திக்கிட்டு லாரி வரப் போகுதுன்னு. மலைச் சடக்குல ஒரு வளைவு, ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் சதுப்பு. அங்கே அடிக்கணும்னு முடிவாச்சு. லாரி வேகமா வந்தாச் சுட முடியாது, உள்ளே நம்ம ஜனம் இருக்கு. வண்டி நிக்கணும். எத்திராஜு என்னைக் கூப்பிட்டாரு.

"பாவாயி, நீ விறகுக்கட்டோட சடக்குல நடக்கணும்."

"அண்ணே, என்னால முடியாது. அவன் வண்டியைப் பார்த்தாலே நான் ஓடிடுவேன்."

"ஓடு. அதுக்குத்தான் உன்னை அனுப்புறேன். தைரியமா நின்னா சந்தேகப்படுவான். பயந்து ஓடுற பொம்பளையைப் பார்த்தா நிறுத்துவான்."

"எந்தப் பக்கம் ஓடணும்?"

"மேட்டுப் பக்கம். நான் அங்கே இருப்பேன்."

சொல்றப்பவே அவருக்குப் பல்லு கிட்டுது. பாவம், அன்னைக்குக் கடுமையான காய்ச்சல். வெயில்ல உட்கார்ந்துகிட்டு நடுங்குறாரு. இவ்வளவு சீக்காளியை நம்பி நான் சடக்குல இறங்குறேனேன்னு எனக்கு இன்னும் பயம்.

நடந்தேன் தம்பி. விறகு தலையில ஆடுது. வளைவுல இஞ்சின் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தேன். நடிக்கவே வேண்டியிருக்கலை. விறகைப் போட்டுட்டு அலறிக்கிட்டு ஓடினேன். வண்டி நின்னுச்சு. பின்னால சிரிக்கிறாங்க, குதிக்கிறாங்க, பூட்ஸ் சத்தம் கிட்டக் கிட்ட வருது. ஒருத்தன் மூச்சு என் கழுத்துல படுது. மேடு ஏற முடியலை, மண்ணு சரியுது. நகத்தால பிராண்டுறேன். அப்போதான் மேலேர்ந்து வெடிச்சாங்க. என் கழுத்துகிட்ட இருந்த மூச்சு நின்னு போச்சு.

கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடுச்சு. எங்க பக்கம் ஒருத்தருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. லாரியில இருந்த ஜனம் மட்டும் இறங்கலை. "இறங்குங்க, இறங்குங்க"ன்னு காத்தவராயன் கத்துறாரு. அவரு மீசையைப் பார்த்து இன்னும் உள்ளே ஒண்டுறாங்க. அப்போ எத்திராஜு என்னைத்தான் அனுப்பினாரு. நான் எட்டிப் பார்த்தேன். ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, ஒரு பெரியவரு மூத்திரம் போயிட்டாரு. "எனக்கும் பயமாத்தான் இருக்கு"ன்னேன். "வாங்க, சேர்ந்து ஓடிடலாம். எங்களுக்கு நல்லா ஓடத் தெரியும்." ஒருத்தர் கையைப் பிடிச்சேன், மத்தவங்க பின்னால இறங்கிட்டாங்க. சப்பான்காரன் ஆள் கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள ஒரு காலடித் தடம்கூட இல்லாம மறைஞ்சுட்டோம். சதுப்புல, கழுத்தளவு தண்ணியில, அந்தப் பெரியவரை ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிக்கிட்டு.

அதுக்கப்புறம்தான் படை பெருத்துச்சு. அந்த லாரியில வந்தவங்க சேர்ந்தாங்க, அவங்க சொந்தக்காரங்க சேர்ந்தாங்க, பக்கத்துத் தோட்டம் சேர்ந்துச்சு. சப்பான்காரன் தோத்துப் போன சமயத்துல அந்த மலை முழுக்க எங்க ஆளுங்கதான். சடக்குல இறங்கி வந்தப்போ ஜனங்க மாலையோட நின்னாங்க. யாரு தளபதின்னு கேட்டாங்க. காத்தவராயன் உசரமா இருந்தாரா, அவரு கழுத்துல போட்டுட்டாங்க. அவரு கையைக் கையை ஆட்டுறாரு, நான் இல்லை, நான் இல்லைன்னு. யாரு கேட்கிறாங்க? எத்திராஜு பின்னால நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தாரு.

அவரு திரும்ப லாரி ஓட்டப் போயிட்டாரு, நான் பால் வெட்டப் போயிட்டேன். அதோட நல்லா முடிஞ்சிருக்கலாம். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். தோட்டத்துல சங்கம், கூலி, சண்டைன்னு ஆயிடுச்சு. அப்புறம் அவசரகாலம்னு ஒண்ணு போட்டான். காட்டுல இருந்தவங்களை எல்லாம் தேடிப் பிடிச்சான். படைத் தளபதின்னு சொல்லிக் காத்தவராயனைப் பிடிச்சுட்டுப் போனாங்க. துப்பாக்கி வெச்சிருந்தான்னு சொன்னாத் தூக்குதான் அந்தக் காலத்துல. காத்தவராயன் தான் தளபதி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலையாம். ஆமாம், நான்தான்னு நின்னாராம்.

எத்திராஜு காலையில என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. "போலீஸ் டேசனுக்குப் போறேன் பாவாயி"ன்னாரு.

"அண்ணே, ஓடிடுங்க. நீங்கதானே எங்களுக்கு ஓடச் சொல்லிக் குடுத்தீங்க?"

"கடைசி ஆளா வர்றது யாருன்னு சட்டம் இருக்கில்லே?"ன்னாரு. போயிட்டாரு.

நான் சும்மா இருந்திருக்கலாம். எப்படியோ கால் அவரு பின்னாலயே போச்சு. டேசனுக்கு எதிர்ல நின்னேன். அவரு உள்ளே போயி வெகுநேரம் ஆச்சு. ரோட்டைத் தாண்டினேன். உள்ளே மேசைக்குப் பின்னால வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், பக்கத்துல தமிழ் பேசுற ஒரு போலீஸ்காரரு. சுவரோரம் பெஞ்சுல எத்திராஜு, கையில விலங்கு. என்னைப் பார்த்ததும் அவரு கண்ணாலயே போ, போங்கிறாரு.

"என்னம்மா வேணும்?"ன்னாரு அந்தப் போலீஸ்காரரு.

"ஐயா, இவருதான் தளபதி. காத்தவராயன் இல்லை. நானும் அந்தப் படையில இருந்தேன். எனக்குத் தெரியும்."

"நீயா? நீ என்ன வேலை பார்த்தே அங்கே?"

நான் துப்பாக்கி தொட்டதில்லை. சமையலும் கொஞ்ச நாள்தான். நடுக்கத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

"பயந்தேன் ஐயா. அதான் என் வேலை."

அவரு அதை இங்கிலீஷ்ல சொன்னாரு. இன்ஸ்பெக்டர் சிரிச்சான், போலீஸ்காரங்க எல்லாரும் சிரிச்சாங்க. போம்மா வீட்டுக்குன்னு கையைக் காட்டிட்டாங்க. காத்தவராயனை அன்னைக்குச் சாயங்காலமே விட்டுட்டாங்க. எத்திராஜுகிட்ட துப்பாக்கி எதுவும் சிக்கலைன்னு தூக்குல போடாம, அவரை நாடு கடத்தினாங்க, கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு. அவரு இங்கேயே பொறந்தவரு தம்பி, இந்தியாவுல ஒரு நாய்கூட அவருக்குத் தெரியாது. அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

ஆனா அன்னைக்கு டேசன்ல அவங்க சிரிச்சுக்கிட்டிருக்கும்போது இந்த மனுசன் ஒண்ணு பண்ணாரு, அதுதான் எனக்கு இன்னமும் விளங்கலை. விலங்கோட பெஞ்சுலேர்ந்து எந்திரிச்சாரு. போலீஸ்காரன் உட்காருடான்னு தோளைப் பிடிச்சு அழுத்துறான், திரும்பத் திரும்ப எந்திரிக்கிறாரு. நான் வாசப்படி இறங்கி ரோட்டைத் தாண்டுற வரைக்கும் நிமிர்ந்து நேரா நின்னாரு, என்னையே பார்த்துக்கிட்டு. சீக்கிரம் போய்த் தொலைன்னு சொல்லத்தான் அப்படி நின்னாரோ என்னமோ. வேற எதுக்கு எந்திரிக்கப் போறாரு, என்னைப் பார்த்து?